பார்த்தால் முழித்துக்கொள்வது

அத்தான் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அக்கா அவரைத் திட்டுவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

துணிக்கடைகளிலிருந்து வரும் பேன்ட்டுகளுக்குக் கால் மடித்துத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, பேன்ட்டைத் தலைகீழாகப் பிடித்தபடியே ஆரம்பிப்பாள். "ஒரு சுவிட்ச். அதைத் தட்டிட்டு ஏறினா கை தேஞ்சா போயிடும்?" கேட்டுவிட்டு அடுத்த வசவுக்குத் தாவிவிட மாட்டாள், பதில் வருவதற்கு நேரம் கொடுப்பாள். அத்தான் உயிரோடு இருந்தபோது சாக்குத் தேட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரோ, அவ்வளவு நேரம். அதுவரை தையல் மிஷின் ஓடாது. பக்கத்து அறையில் பாப்பாவும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு பதில் கிடைத்துவிட்டதுபோல, "ஆமா, எல்லாத்துக்கும் ஒரு சாக்கு" என்று அக்கா முடிப்பாள். மிஷின் மறுபடி ஓடும்.

பாப்பா, அக்காவின் கூடப்பிறந்த தங்கை. காதோரம் நரைத்தாகிவிட்டது, கண்ணாடியின் கனம் கூடிக்கொண்டே போகிறது, இன்னும் பாப்பாதான். அக்கா ஒருமுறை ஆபீஸுக்குப் போன் செய்து "பாப்பா இருக்காளா?" என்று கேட்டுத் தொலைத்ததில் அங்கேயும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. லிஃப்டுகளை ஓட்டும் புரோகிராமை எழுதுகிற கம்பெனி அது. அதே லிஃப்டுகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக் அத்தான். "நீ ஏசியில உக்காந்துக்கிட்டு எழுதறே, நான் கம்பியில தொங்கிக்கிட்டுப் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். தன் நகைச்சுவைக்கு அடுத்தவர் சிரிக்கும்வரை காத்திருக்கக்கூட அவருக்குப் பொறுமை கிடையாது. நின்றுகொண்டே சாப்பிடுவார். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு தெருவரைக்கும் போய்விடுவார். அவசரக்குடுக்கை என்று அக்கா கல்யாணமான வாரமே பட்டம் கொடுத்துவிட்டாள். விசாரணை முடிந்து அறிக்கை வந்தபோது ஒருவர்கூட ஆச்சரியப்படாமல் போனதற்கு அந்தப் பட்டமும் ஒரு காரணம்.

நடந்தது இதுதான். ஒரு பெரிய கட்டடத்தில் கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. அத்தானைக் கூப்பிட்டார்கள். லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நிற்குமுன் அங்கே இருக்கும் ரிப்பேர் சுவிட்சைப் போட வேண்டும். போட்டுவிட்டால் எந்த மாடியில் யார் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் அசையக் கூடாது. அன்று மேல்மாடியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள். லிஃப்ட் அவரைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. பிறகு ஆளைக் கீழே இறக்கிய அமளியில் அந்தச் சுவிட்சில் எத்தனை பேர் கை பட்டதோ, அது எந்தப் பக்கம் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மிச்சமிருந்த ஒரே சாட்சி லிஃப்டின் லாக், அதாவது புரோகிராம் தானே எழுதி வைக்கும் பதிவேடு. லிஃப்டில் எது நடந்தாலும் அது அந்த லாகில் ஒரு வரியாக எழுதப்படும். கதவு திறந்தால் ஒரு வரி, பிரேக் பிடித்தால் ஒரு வரி. ஒவ்வொரு உறுப்புக்கும் லாகர் என்று புரோகிராமுக்குள் ஒரு குட்டிக் குமாஸ்தா இருக்கிறான். தன் உறுப்பு அசைந்தால் அவன் எழுதிவிட வேண்டும். ரிப்பேர் சுவிட்சுக்கும் ஒரு லாகர் உண்டு. அன்றைக்கு அவன் ஒரு எழுத்துக்கூட எழுதியிருக்கவில்லை. அதனால் அறிக்கையில் "ரிப்பேர் சுவிட்ச் போடப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

சொந்தக்காரி என்பதால் பாப்பாவை விசாரணைப் பக்கம் அண்ட விடவில்லை. அது சரிதான். ஆனால் அக்கா விடவில்லை. "அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நீ பார்த்துச் சொல்லு. நீ சொன்னா நம்பறேன்" என்றாள். பாப்பா ஆபீஸ் சோதனைக் கூடத்தில் யாருக்கும் சொல்லாமல் அதையெல்லாம் மறுபடி நடத்திப் பார்த்தாள். கரண்டை நிறுத்தி, திரும்பக் கொடுத்து, புரோகிராமை நடுவில் நிறுத்தி, ரிப்பேர் சுவிட்சின் லாகருக்குள் நுழைந்து பார்த்தாள். லாகர் முழிப்பாக இருந்தான். எழுதும் இடத்தோடு தொடர்பும் இருந்தது. புரோகிராமை ஓடவிட்டுச் சுவிட்சைத் தட்டினாள். சமர்த்தாக ஒரு வரி விழுந்தது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "லாகர் நல்லாத்தான் இருக்குக்கா. அத்தான் சுவிட்சைப் போடல" என்று சொன்னாள்.

அக்கா அன்றைக்கு அழவில்லை. அன்றைக்குத்தான் திட்ட ஆரம்பித்தாள்.

அதிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேர் குடியிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் கட்டடத்தின் லிஃப்ட் ஓடும். பாத்திரம் கழுவும்போது அது சுவரை உரசாத குறையாக ஏறுவது கேட்கும். சில நாள் மத்தியானத்தில், யாரும் கூப்பிடாமலே அவர்கள் மாடிக்கு வந்து நிற்கும், கதவு திறக்கும், யாரும் இறங்க மாட்டார்கள், கதவு மூடிக்கொள்ளும். அடிக்கடி ஆள் ஏறும் மாடியில் போய்க் காத்திருக்கச் சொல்லி அந்தப் புரோகிராமில் எழுதியிருக்கிறது, எழுதியவர்களில் தானும் ஒருத்தி என்று பாப்பாவுக்குத் தெரியும். எதிர்வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகம் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் கழுத்துக்குப் பின்னால் சில்லிடும். ஒருநாள் அந்தச் சத்தத்துக்கு அக்கா தலையைத் தூக்காமலே, "உள்ள வாங்க, வாசல்லயே நின்னா எப்படி" என்றாள். பாப்பா கையிலிருந்த தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பயமா, வெட்கமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் ஆபீஸில் மேனேஜர் அந்த வேலையை அவள் தலையில் கட்டினார். பெருமைக்குரிய வேலை ஒன்றுமில்லை. எல்லோரும் தட்டிக் கழித்து மிஞ்சியது. தப்பு எங்கே என்று தேடும்போது புரோகிராமை நடுவில் நிறுத்தி, எந்தப் பொருள்மேல் மவுஸை வைக்கிறோமோ அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். மற்றப் பொருள்களெல்லாம் மரியாதையாகப் பதில் காட்டும். லாகர்மேல் வைத்தால் மட்டும் வாய்க்குள் நுழையாத நீளத்தில் அதன் இனப்பெயர் வரும், வேறொன்றும் வராது. உள்ளே பார்க்கப் பக்கத்திலிருக்கும் கூட்டல் குறியை அழுத்த வேண்டும். அதற்குள் இன்னொரு கூட்டல் குறி, அதற்குள் இன்னொன்று. வெங்காயம் உரிக்கிற கதைதான், கண்ணெரிச்சல் உட்பட. இனிமேல் மவுஸை வைத்ததும் ஒரே வரியில் தெரிய வேண்டும்: இவன் பெயர் என்ன, எவ்வளவு முக்கியமான விஷயம் என்றால் எழுதுவான், எங்கே எழுதுகிறான்.

பாப்பா ஒரு வாரத்தில் முடித்துவிட்டாள். அழகாக ஒரே வரியில் வந்தது. ஆனால் யார் எழுதினாலும் இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்பார்கள். இவளுக்கு வாய்த்தவர் நொட்டை. எதைக் காட்டினாலும் நொட்டை சொல்கிறவர் என்பதால் அந்தப் பெயர். அவருக்கும் தெரியும், மறுப்புச் சொன்னதில்லை. பெயரில் ஒரு நொட்டை கண்டுபிடிக்க முடியாமல் போன வருத்தம் மட்டும் இருந்திருக்கும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் திரையைப் பார்த்தார்.

"எழுதும் இடம் எங்கேன்னு இது எப்படிக் கண்டுபிடிக்குது?"

லாகரைக் கேட்கிறது, அவன் சொல்கிறான் என்றாள் பாப்பா.

"அதான் தப்பு. பார்க்கறது வேற, கேக்கறது வேற. கேட்டா அவன் எழுந்து உக்காந்து பதில் சொல்லுவான். கேக்கறதுக்கு முன்னாடி எப்படிக் கிடந்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தொடாம பார்க்கணும்."

பாப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வரி காட்டுவதற்கு இவ்வளவு தத்துவமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாற்றினாள். லாகரை ஒன்றும் கேட்காமல், அவன் பையில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே படித்துக் காட்டும்படி எழுதினாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். நிஜ லிஃப்டுக்குப் பதிலாக ஆபீஸில் வைத்திருந்த சோதனைப் பெட்டியின் கரண்டை நிறுத்தித் திரும்பக் கொடுத்தாள். புரோகிராமை நடுவில் நிறுத்தி ஒவ்வொரு லாகர்மேலும் மவுஸை வைத்துக்கொண்டே வந்தாள். கதவு: எழுதும் இடம், லாக். பிரேக்: எழுதும் இடம், லாக். ரிப்பேர் சுவிட்ச்: எழுதும் இடம், இல்லை.

தான்தான் தப்பாக எழுதிவிட்டோம் என்று நினைத்தாள். சரிபார்ப்பதற்காகப் பழைய வழக்கப்படி கூட்டல் குறியை அழுத்தி உள்ளே போய்ப் பார்த்தாள். உள்ளே தொடர்பு இருந்தது. வெளியே வந்து மறுபடி மவுஸை வைத்தாள். இப்போது புதிய வரியிலும் எழுதும் இடம், லாக் என்று காட்டியது.

பாப்பா கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள். அந்தப் பெரிய கூடத்தில் அவளைத் தவிர யாருமில்லை. ஏசியின் இரைச்சல் மட்டும். யாரோ பின்னால் நின்று அவள் தோளுக்குமேல் திரையைப் பார்ப்பதுபோல இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டையாகக் கிடந்தவன், அவள் கண் பட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்துகொண்டான். அவள் பார்க்கிறவரைக்கும் உட்கார்ந்திருப்பான். எப்போது பார்த்தாலும் உட்கார்ந்துதான் இருப்பான்.

மறுபடி கரண்டை நிறுத்திக் கொடுத்தாள். இந்த முறை எதையும் திறக்கவில்லை, எதன்மேலும் மவுஸை வைக்கவில்லை. புரோகிராமைத் தன் பாட்டுக்கு ஓடவிட்டுச் சுவிட்சை மட்டும் தட்டினாள். பெட்டிக்குள் ஓடிய பொய் லிஃப்ட் நின்றது. லாகில் ஒரு வரியும் விழவில்லை. மறுபடியும் செய்தாள், மறுபடியும் ஒன்றுமில்லை. பிறகு அந்த லாகரின் நிரலை வரி வரியாகப் படித்தாள். கரண்ட் போய் வந்தால் அவனுக்கும் லாகுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. எழுத வேண்டிய நேரத்தில் தொடர்பு இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறான். "நீ எங்கே எழுதுகிறாய்?" என்று யாராவது கேட்டால் மட்டும், ஓடிப்போய்த் தொடர்பைக் கட்டிக்கொண்டு வந்து, இங்கேதான் என்று பதில் சொல்கிறான். திறந்து பார்ப்பதும் அவனுக்குக் கேட்பதுதான். விசாரணைக்காரர்களும் திறந்துதான் பார்த்திருப்பார்கள். போன வருஷம் அவளும் திறந்துதான் பார்த்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த நொட்டை அவள் முகத்தைப் பார்த்ததும், கொண்டுவந்த டீயை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் விளக்கவில்லை, செய்து காட்டினாள். அவர் தானும் ஒருமுறை செய்து பார்த்தார். வெகு நேரம் அந்த 'இல்லை' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்முறையாக அவரிடம் சொல்ல நொட்டை இல்லை. கடைசியில், மேனேஜரிடம் தானே போய்ச் சொல்வதாகவும் அவள் வீட்டுக்குப் போவது நல்லது என்றும் மெதுவாகச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது சந்தோஷப்பட வேண்டுமா என்று பாப்பாவுக்குப் புரியவில்லை. அத்தான்மேல் இருந்த பழி நீங்கிவிட்டதா? நீங்கவில்லையே. சுவிட்சைப் போட்டிருந்தாலும் லாகில் ஒன்றும் இருந்திருக்காது. போடாமல் விட்டிருந்தாலும் ஒன்றும் இருந்திருக்காது. சோதனைப் பெட்டியில் சுவிட்ச் லிஃப்டை நிறுத்துகிறது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் நிறுத்தியதா என்று யார் கண்டார்கள்? ஒரு வருஷமாகத் தெரிந்திருந்தது இப்போது தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிறுத்தம்வரை நினைத்தாள். திட்டித் திட்டியாவது அக்கா எழுந்து நடமாடுகிறாள். அந்தக் கம்பையும் பிடுங்கிக்கொண்டால்? ஆனால் மேனேஜரின் போன் இன்றோ நாளையோ வரத்தான் போகிறது. அக்கா இதை வேறு வாயால் கேட்கக் கூடாது என்று தோன்றியது. கட்டடத்துக்கு வந்ததும் லிஃப்ட் கதவு அவளுக்காகவே திறந்து நின்றது. படியேறிப் போனாள்.

அக்கா குண்டூசிகளை உதட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்திக்கொண்டே கேட்டாள். லாகர், தொடர்பு என்றதெல்லாம் அவளுக்கு ஏறியதா தெரியாது. பாப்பா சொல்லி முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப போட்டாரா, இல்லையா?"

"தெரியாதுக்கா."

"யாருக்குத்தான் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. இனிமே தெரிய வழியும் இல்ல."

அக்கா பேன்ட்டை மடித்து ஓரமாக வைத்தாள். "அப்ப அன்னைக்கு மட்டும் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பார்த்தேன் என்று பாப்பா சொல்லலாம். பார்த்ததுதான் தப்பு என்பதை எப்படிச் சொல்வது? அக்கா கோபமாகவும் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"நீ சொன்னேன்னுதான் நம்பினேன் பாப்பா. அவங்க சொன்னதை நான் நம்பவே இல்ல."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மேனேஜர். ஆபீஸ் முழுக்கப் பேச்சாகிவிட்டது, மேலிடத்துக்கும் போயிருக்கிறது என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். அக்கா கையை நீட்டினாள். பாப்பா போனைக் கொடுத்துவிட்டாள். அந்தக் கையை மறுக்க அவளுக்குத் தெம்பில்லை. மேனேஜரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. முதலில் தடுமாறினார், பிறகு அனுதாபம் சொன்னார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இந்த நிமிஷம் வேறு எந்தக் கட்டடத்திலாவது கூண்டின் மேல் மெக்கானிக் யாராவது ஏறி நிற்கிறார்களா என்று கேட்டாள். மேனேஜர், சுவிட்சைப் பற்றிச் சந்தேகம் தீரும்வரை மெயின் கரண்டை நிறுத்தாமல் யாரும் ஏறக் கூடாது என்று எல்லோருக்கும் உடனே செய்தி அனுப்பச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். பேச்சு இதம் பதமாகத் திரும்பியது. மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டும், ஒன்றை மட்டும் அவள் புரிந்துகொள்ள வேண்டும், இதனால் அவர் சுவிட்சைப் போட்டார் என்று ஆகிவிடாது என்றார்.

"போட்டார்னு எழுதச் சொல்லல சார்" என்றாள் அக்கா. "போடலன்னு எழுதியிருக்கீங்க இல்ல, அதை அடிச்சுடுங்க. தெரியலன்னு எழுதுங்க. அது போதும்."

அந்தப் பக்கம் ஏதோ நடைமுறை, கையெழுத்து என்றெல்லாம் பேச்சு வந்தது. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே வாக்கியத்தை, அதே குரலில், மறுபடி சொன்னாள். மேனேஜர் சரி என்று சொல்லும்வரை போனை வைக்கவில்லை.

வைத்த பிறகு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு பேன்ட்டை எடுத்தாள், தலைகீழாகப் பிடித்தாள், குண்டூசிகளை உதட்டில் வைத்துக்கொண்டாள். வாய் அசைந்தது. பாப்பா வழக்கம்போல மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. அக்கா குண்டூசிகளைத் துப்பிவிட்டுப் பேன்ட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இத்தனை நாள் அழாததையெல்லாம் யாரோ ஒருவரின் பேன்ட்டுக்குள் அழுதாள். பாப்பா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நான் அவரை எப்படித் திட்டுவேன் பாப்பா?"

"என்னைத் திட்டுக்கா. நான்தானே சொன்னேன். என்னைத் திட்டு."

அக்கா துணியை விலக்கித் தங்கையைப் பார்த்தாள். சிவந்துபோன கண்களால் வெகு நேரம் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தாள்.

"உன்னைத் திட்டினா நீ பதில் சொல்லிடுவேடி."